மாமா உள்ளே, அப்பா வெளியே

“சித்தப்பாவை மிதிச்சிடாதீங்க தம்பி!”

வாடகைக்கு மாடி அறை பார்க்கப் போன வீட்டில் என் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். தூக்கிய காலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக் கீழே பார்த்தேன். அந்த முன்னறையில் சித்தப்பா என்று சொல்லும்படி யாரும் படுத்திருக்கவில்லை. விரித்துப் போட்ட செய்தித்தாளைத் தாண்டி உருண்டு வந்த ஒரு சின்ன நட்டு மட்டும் என் பாதத்துக்கு நேர் கீழே கிடந்தது.

செய்தித்தாளுக்கு அந்தப் பக்கம், நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். அவர் முன்னால் பாதி பிரித்துப் போட்ட பழைய பைக். பைக்கின் சீட்டில் சாம்பல் நிறப் பூனை ஒன்று, வீட்டுப் பத்திரமே தன் பெயரில் இருப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“அதான் சித்தப்பா. தேவைப்படும்போது தேடினா கிடைக்க மாட்டாரு. வேண்டாத நேரத்துல காலுக்குள்ளயே வந்து நிப்பாரு. எடுத்துக் குடுங்க” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அறையின் மறுபாதியில் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் எட்டிப் பார்த்து, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுச் சொன்னார்: “பயப்படாதீங்க தம்பி. இது மெக்கானிக் கடை இல்ல. குடும்பம் நடத்துற வீடுதான். நம்புறது கஷ்டம்.”

அப்படித்தான் அக்காவும் மாஸ்டரும் எனக்கு அறிமுகமானார்கள். அக்காவைத் தெருவில் எல்லோரும் ‘லேப் அக்கா’ என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. மாஸ்டர் தையல்காரர், வீட்டு முன்னறைதான் அவருக்குக் கடை. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைத் தான் ஒருவனே தீர்த்துவைப்பதாக நினைத்துக்கொண்டு வளைய வந்த பூனைக்குப் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாமல், எல்லா வேலையையும் உட்கார்ந்து பார்ப்பதால் அந்தப் பெயர்.

மாடி அறை எனக்குப் பிடித்துப்போய் அந்த வாரமே குடியேறினேன். பெட்டியிலிருந்து முதலில் எடுத்து மாட்டியது என் பட்டச் சான்றிதழைத்தான். எங்கள் வம்சத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். சட்டம் போட்டு மாட்டாமல் வேறு என்ன செய்வேன்? தண்ணீர் வருகிறதா என்று பார்க்க மேலே வந்த அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டார். கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, தொடாமல், மேலிருந்து கீழே முத்திரை வரைக்கும் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“புள்ளியியலா? அப்படின்னா?”

சொன்னேன்.

“நல்லா மாட்டியிருக்கீங்க. கோணல் இல்லாம. உங்க அம்மா பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க. படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப் பார்த்தாங்க.”

“அது போதும். நாம படிக்கிறதை விட அது பெரிசு” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் குடித்தனக்காரன் இல்லை, தம்பி.

பைக்கின் கதையை மாஸ்டர் ஒரு மாதிரி சொல்வார், அக்கா ஒரு மாதிரி சொல்வார். இரண்டையும் சேர்த்தால்தான் நிஜம் வரும். வண்டி மாஸ்டருடையது. மழை பெய்த ஒரு நாள் துணி டெலிவரிக்குப் போனபோது சறுக்கி விழுந்து கணுக்காலில் தகடு வைக்கும்படி ஆனது. கால் சரியானது, மனசு சரியாகவில்லை. வண்டியைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளி, மேலே படுதாவைப் போட்டு, “இனிமே இந்த வீட்டுல யாரும் இது மேல ஏறக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அதுவரை அவ்வப்போது அதை ஓட்டிக்கொண்டிருந்த அக்காவும் சரி என்றார். இரண்டு வருஷம் அது அங்கேயே நின்றது. டாங்க்கில் துரு, கார்ப்பரேட்டரில் பிசின்போல் உறைந்த பெட்ரோல், சீட்டில் மேனேஜர்.

அதை அக்கா வெளியே இழுத்ததற்குக் காரணம் லேப். புறநகர்க் குடியிருப்புகளுக்கு ரத்தம் எடுக்கப் போகிறவர்களை அதுவரை லேப் வேன் கொண்டுபோய் விட்டது. வேனை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வெளிச்சுற்று. மற்றவர்கள் கழுவும் அறைக்குப் போக வேண்டும். கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலை. அக்காவின் சுற்றுக்கு, புதிதாகச் சேர்ந்த ஒருவன் ஸ்கூட்டரோடு தயாராக நின்றான்.

அக்காவின் நாத்தனார், அதாவது மாஸ்டரின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருந்தார். ஞாயிறுதோறும் வருவார். வந்தால் பேச்சு அவருடையதாகத்தான் இருக்கும்.

“ஏம்மா, கழுவுற ரூம்ல நிழல்ல உக்காந்து வேலை பார்த்தா என்ன கொறைஞ்சு போச்சு? வெயில்ல அலையணும்னு நேர்ந்துக்கிட்டியா?”

“கழுவித்தான் அண்ணி அந்த லேபுக்குள்ள போனேன்” என்றார் அக்கா, கையிலிருந்த ஸ்பேனரை விடாமல். “கழுவுற கை ஊசி பிடிக்கிற கையாக எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நரம்பே கிடைக்காத வயசானவங்க எல்லாம், அந்தம்மா வந்தாத்தான் கையை நீட்டுவேங்கிறாங்க. மறுபடியும் அந்த ரூமுக்குள்ள நான் போக மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் பேச்சை விட்டுவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டார். எனக்கும் அது புரிந்தது. ஓரிடத்திலிருந்து ஏறி வந்தவர்களுக்குத் திரும்பி இறங்குவது என்பது வெறும் வேலை மாற்றம் இல்லை.

முதலில் முறைப்படி முக்குக் கடை மெக்கானிக்கிடம்தான் கொடுத்திருந்தார். “நாளைக்கு” என்றான். மறுநாள் கேட்டதற்கும் நாளைக்கு. பல நாளைக்குகள் கழிந்தன. போய்ப் பார்த்தால் வண்டி கொடுத்த இடத்தில் கொடுத்த கோலத்தில், மேலே இன்னொரு வண்டியின் டயர்களைச் சுமந்துகொண்டு நின்றது. “இது காயலான் கடைக் கேஸ்க்கா. நானே எடுத்துக்கிறேன், விட்டுட்டுப் போங்க” என்றானாம். அக்கா டயர்களை இறக்கி வைத்துவிட்டு, நட்ட நடுத் தெருவில் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“இனி இது ரிப்பேருக்குன்னு வாசப்படி தாண்டாது. நானே பார்க்கிறேன்.”

“ஏற மாட்டேன்னு சொன்னியே” என்றார் மாஸ்டர்.

“இப்பவும் ஏறலையே. தள்ளிக்கிட்டுத்தான வந்தேன். ரிப்பேர்தான் பார்க்கப் போறேன், ஏறப் போறேன்னு சொன்னேனா?”

அது பொய் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், சீட்டில் இருந்த மேனேஜருக்கும் தெரியும்.

அக்காவுக்குப் பாடம் சொன்னது போனில் ஓடிய வீடியோக்கள். அதே மாடல் வண்டியைப் பிரித்துக் கோர்த்த ஒரே ஒருவன் எந்த நாட்டுக்காரனோ. பேசிய பாஷை எங்கள் யாருக்கும் தெரியாது. “அவன் வாய் பேசுறதுதான் புரியல. கை பேசுறது புரியுதே” என்று அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். ஆனால் கழற்றி வைத்ததற்கெல்லாம் ஏதாவது ஒரு பெயர் வேண்டுமல்லவா? அவராகச் சொந்தபந்தத்தின் பெயர்களை வைத்தார். துள்ளிக் குதிக்கும் ஸ்பிரிங் கொழுந்தன். ஒரே மாதிரி இருந்துகொண்டு ஒன்றின் இடத்தில் இன்னொன்று இறங்காத இரண்டு திருகாணிகள் ஓரகத்திகள். இன்ஜினின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய பேக்கிங் தாள் சம்பந்தி, “ரெண்டு பக்கமும் சண்டை வராம நடுவுல இருக்கிறது. இது கிழிஞ்சா ஊருக்கே ஒழுகிடும்” என்றார். கிளட்சுக்குள் ஒன்று விட்டு ஒன்று அடுக்கிய தகடுகள் மாமியார், மருமகள், மாமியார், மருமகள். “ஒட்டிக்கிட்டு இருந்தா வண்டி நகரும். விலகி நின்னாத்தான் கியர் மாறும். ரெண்டுமே வேணும் தம்பி.”

ஹாரனுக்கு என்ன பெயர் என்று நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

“அதுக்கு இன்னும் பேர் வைக்கல அண்ணி” என்றார் அக்கா.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு மிஷினை வேகமாக மிதித்தார். துணியே இல்லாமல் ஊசி ஓடியது.

டாங்க்கைச் சரளைக்கல் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார். கார்ப்பரேட்டரைப் பிரித்து, துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார்; நரம்பு தேடிப் பழகிய விரல்கள் அவருடையவை. இன்ஜின் இருமி, புகை கக்கி, ஒருநாள் சாயங்காலம் ஓடியேவிட்டது. மிச்சம் கிளட்ச். இரண்டு வருஷம் சும்மா நின்றதில் மாமியாரும் மருமகளும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். லேபில் வேனை நிறுத்துவதாகச் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு காலையில் அக்கா ஆயிலை வடித்து, வலது பக்க மூடியைக் கழற்றி, தகடுகளைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊற வைத்தார்.

அந்தத் தகடுகளைத் தாங்கும் கிளட்ச் கூடை ஒரு தண்டின் மேல் உட்காரும். கூடைக்குப் பின்னால் ஒரு வாஷர், முன்னால் ஒரு வாஷர். ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. அந்தந்த உடம்புவாகு உள்ள சொந்தக்காரர்களின் பெயரை அவற்றுக்கும் அக்கா வைத்திருந்தார். கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாகச் செய்தித்தாளில் வைத்திருந்தார். அப்போது லேபிலிருந்து போன். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு உடனே ரத்தம் எடுக்க வேண்டும். வேறு யாருக்கும் கையை நீட்ட மாட்டேன் என்கிறாராம். அக்கா கையைக் கழுவி, உடை மாற்றி, ரத்தம் எடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினார். எனக்கும் அன்று அலுவலகத்தில் கணக்கெடுப்பு வேலை இருந்தது, கூடவே கிளம்பினேன்.

நாங்கள் போன பிறகு மேனேஜர், வெயில் விழுந்த அந்தச் செய்தித்தாள்தான் உலகத்திலேயே சிறந்த படுக்கை என்று முடிவு செய்து, நடுவில் படுத்து, நன்றாகப் புரண்டு எழுந்திருக்கிறது. வரிசை போயிற்று. மாஸ்டருக்கோ மத்தியானம் ஒரு வாடிக்கைக்காரக் குடும்பம் அளவு கொடுக்க வருவதாக இருந்தது. நடுவீட்டில் வண்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவர் வண்டியில் ஏறத்தான் மாட்டார். மூடி வைக்க என்ன தடை? அக்காவுக்குப் போன் போட்டார்.

பஸ்ஸில் நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் இந்தப் பக்கப் பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “தகடு எல்லாம் ஒன்னு விட்டு ஒன்னு, அது உங்களுக்கே தெரியும். வாஷர் மட்டும் கவனம். மாமா உள்ள, அப்பா வெளிய. கேக்குதா? முதல்ல மாமா, அப்புறம் கூடை, அதுக்கு மேல அப்பா. ஆமா, மாமா உள்ள. மூடிட்டு ஆயிலை ஊத்திடுங்க.”

முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அக்கா திரும்பி வருவதற்குள் மாஸ்டர் எல்லாவற்றையும் கோர்த்து, மூடி, ஆயில் ஊற்றி, தரையைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். நான் வந்து சேர்ந்தபோது நாத்தனாரும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா வண்டியைத் தள்ளி வாசலுக்கு முன்னிருந்த சிமெண்டுத் தளத்தில் நிறுத்தினார்.

“ரிப்பேர் ஆயிடுச்சான்னு பார்க்கணும்ல. உக்காந்து பார்த்தாத்தான தெரியும்” என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் கையிலிருந்த கத்திரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார்.

கிக்கரை உதைத்தார். இன்ஜின் ஓடியது. கிளட்சைப் பிடித்தார். கியரைப் போட்டார்.

கிளட்ச் பிடியில் இருக்கும்போதே வண்டி பாய்ந்தது. எதிரே இருந்த இரும்புக் கேட்டில் முட்டி, துள்ளி, நின்றுபோனது. மேனேஜர் ஒரே தாவலில் தையல் மிஷின் மேல். அக்கா பக்கவாட்டில் விழுந்திருந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்து ரத்தம். நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினேன். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“போதும்” என்றார். “இதுக்குத்தான் சொன்னேன். நாளைக்குக் காயலான் கடைக்காரனை வரச் சொல்றேன். கழுவுற ரூமோ எதுவோ, நீ முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும் எனக்கு.”

“நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா?” என்று ஆரம்பித்த நாத்தனார், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா எழுந்தார். அழுவார் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, பஞ்சில் மருந்தை நனைத்து, வேறு யாருக்கோ செய்வதுபோல் தன் முழங்கையைத் துடைத்துக் கட்டுப்போட்டார். திரும்பி வரும்போது ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் எண்ணெய் வடிக்கும் சட்டி.

“தம்பி, வண்டியை உள்ள தள்ளுங்க.”

“நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?” என்றார் மாஸ்டர்.

“விழுந்துச்சுங்க. காயலான் கடைக்காரன் நாளைக்குத்தான வருவான்? இன்னைக்கு என்ன தப்புன்னு நான் தெரிஞ்சுக்கிறேன். தெரியாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. கிளட்ச் ஏன் விடலன்னு பார்க்கணும்.” சட்டியை வண்டிக்குக் கீழே வைத்து, ஆயில் திருகைத் திறந்தார். எண்ணெய் இறங்க ஆரம்பித்தது. அது வடியும்வரை செய்ய வேலை இல்லாததால் கேட்டார். “நான் சொன்ன மாதிரிதான போட்டீங்க?”

“சொன்ன மாதிரியேதான். ஒன்னு விட்டு ஒன்னு.”

“வாஷர்?”

“மாமா உள்ள, அப்பா வெளிய. நீ ரெண்டு தடவை சொன்னியே.”

“ம்.” ஸ்பேனரைத் திருப்பினார். ஒரு போல்ட் வந்தது. இரண்டாவதில் கை நின்றது. “மாமான்னு எதைப் போட்டீங்க?”

“மாமாவைத்தான். ஒல்லியா இருக்கிறதை.”

“ஒல்லியா இருக்கிறதையா?”

“ஆமா. மாமா ஒல்லிதான?”

“எந்த மாமா?”

“எனக்கு எத்தனை மாமா? உங்கப்பாதான்.”

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

“என்னங்க, அது உங்களுக்கு மாமா. எனக்கு மாமா யாரு? உங்கப்பா! தடியா இருக்கிறது அவருதான? தடியா இருக்கிறதுதான் உள்ள போகணும்!”

மாஸ்டரின் வாய் திறந்தது. மூடியது. “அப்போ வெளிய போடச் சொன்ன அப்பா…”

“எங்கப்பா! ஒல்லி! நான் அப்பான்னு சொன்னா எங்கப்பாதான?”

“நான் கேட்டா எங்கப்பாதான?”

“பேசினது யாரு?”

“கேட்டது யாரு?”

முதலில் சிரித்தது நாத்தனார். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. இறந்துபோன தன் அப்பாவின் பருமனை நினைத்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “எங்கப்பாவைக் கொண்டுபோய் வெளிய நிறுத்திட்டு, மாமனாரை உள்ள உக்கார வச்சிருக்கான்! வண்டி பாயாம என்ன செய்யும்?” என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்காகூடச் சிரித்துவிட்டார், சிரித்ததில் முழங்கை வலித்து, “அய்யோ” என்று பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் முழங்கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அவர் வண்டியைத்தான் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்தார். இன்றைக்குத் தள்ளிவிட்டது வண்டி இல்லை. அவருடைய கையும் அக்காவுடைய வாயும்.

மூடியைக் கழற்றியபோது சிரிப்பு நின்றது. கேட்டில் முட்டிய வேகத்திலோ, அவசரத்தில் இழுத்ததிலோ, பேக்கிங் தாள் மூன்று இடத்தில் கிழிந்து மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அது இல்லாமல் மூடினால் ஊற்றுகிற ஆயில் எல்லாம் தரையில்தான். ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றும் திறந்திருக்காது. இருந்தும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்தேன். இறக்கிய ஷட்டர்களைத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது வாஷர்கள் இரண்டும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டிருந்தன. கூடை சரியாக உட்கார்ந்திருந்தது. அக்கா கிழிந்த பேக்கிங்கை முழங்காலில் வைத்துத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். “பரவாயில்ல தம்பி. ஏதாவது வழி இருக்கும். யோசிக்கிறேன்.”

மாஸ்டர் மிஷினை விட்டு எழுந்தார். சுவரோரம் ஆணியில் தொங்கிய அளவு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினார். சட்டைக் கழுத்து, கை, முதுகு என்று துணி வெட்டுவதற்காக அவர் வெட்டி வைத்திருந்த பழுப்பு அட்டைகள் அவை. ஒன்றை எடுத்து விரலால் தடிமன் பார்த்தார். வேண்டாம் என்று வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். கிழிந்த பேக்கிங்கின் ஒரு துண்டோடு சேர்த்து நகத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்தார்.

“அந்த மூடியைக் கொண்டா” என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மூடியின் விளிம்பில் எண்ணெயைத் தடவி அட்டையின் மேல் அழுத்தினார். எடுத்தபோது விளிம்பும் போல்ட் துளைகளும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

மாஸ்டர் கத்திரிக்கோலை எடுத்தார். “தையலுக்கு விடணுமா?”

“ஒரு நூல்கூட விடாதீங்க. கோட்டு மேலயே.”

நான் பல பேர் துணி வெட்டிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வெட்டைப் பார்த்ததில்லை. கத்திரிக்கோல் நகரவில்லை, அட்டைதான் அதன் வாய்க்குள் வளைந்து வளைந்து போனது. துளைகளைப் பட்டன் காஜா போடும் உளியால் தட்டி எடுத்தார். நாத்தனார், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, மேனேஜரைப் பிடித்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். “இன்னைக்கு ஒரு இடத்துல உக்காரு ராசா, இல்லேன்னா உன்னையும் உள்ள வச்சு மூடிடுவாங்க.”

அட்டையின் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி வைத்தார்கள். ஒரு பிசிறு வெளியே தெரியவில்லை. போல்ட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல், எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக அக்கா முறுக்கினார். ஆயிலை ஊற்றிவிட்டு எல்லோரும் தரையில் குனிந்து மூடியின் அடிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒழுகவில்லை.

மறுபடியும் சிமெண்டுத் தளம். அக்கா ஏறினார். இந்த முறை மாஸ்டர் போய்க் கேட்டை விரியத் திறந்து வைத்தார். கிக்கர். இன்ஜின். கிளட்ச். கியர்.

வண்டி உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. அக்கா விரல்களை மெல்ல விட்டார். மெல்ல நகர்ந்தது. கேட்டைத் தாண்டியது. தெருமுனை வரை போய்த் திரும்பி, கேட்டுக்கு முன்னால் சத்தமில்லாமல் நின்றது.

அக்கா இறங்கியதும் எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். இனி சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் சுற்றி வந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பிரேக் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

“மழை பெஞ்சா முன் பிரேக்கை மட்டும் சட்டுனு பிடிக்காத. நான் பிடிச்சேன். அதான் விழுந்தேன். பின் பிரேக்கை முதல்ல மிதி.”

இதுவரை யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. ரோட்டில் எண்ணெய், ரோட்டில் தண்ணீர், டயரில் கோளாறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சரிங்க” என்றார் அக்கா.

“காயலான் கடைக்காரன் வந்தா என்னடா சொல்லப் போற?” என்றார் நாத்தனார்.

“உன்னைத் தூக்கிட்டுப் போகச் சொல்றேன், போக்கா.”

திங்கட்கிழமை காலை ரத்தப் பெட்டியைப் பின்சீட்டில் இரட்டை வாரில் கட்டிக்கொண்டு அக்கா கிளம்பினார். அன்று லேபில் நடந்ததை அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேற்பார்வையாளர் வெளியே வந்து, கேட்டில் முட்டி நசுங்கிய மட்கார்டையும், கட்டுப் போட்ட முழங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது ஓடுமாம்மா?” என்றாராம்.

“ஓடித்தான சார் வந்திருக்கு. தூக்கிக்கிட்டா வந்தேன்?”

“வழியில நின்னுட்டா? ரத்தம் வீணாப் போயிடுமே.”

“நின்னா பிரிச்சுப் பார்த்துக் கோர்த்துடுவேன் சார். அந்த ஸ்கூட்டர்ப் பையனோடது நின்னா அவன் யாரைக் கூப்பிடுவான்னு கேளுங்க.”

ஸ்கூட்டர்ப் பையனும் பக்கத்திலேயே நின்றிருந்தானாம். கேட்டதற்குத் தலையைச் சொறிந்தானாம். மேற்பார்வையாளர் ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிச் சுற்றைக் கொடுத்தார். அந்த வாரத்தில் வண்டி ஒருமுறை நிற்கவும் செய்தது. பிளக்கைத் துடைத்து மாட்டியிருக்கிறார், அப்படியும் முதல் வீட்டுக் கதவைத் தட்டும்போது அங்கே டீகூடப் போட்டு முடிக்கவில்லையாம். வாரம் முடிந்ததும் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. சுற்று அவருடையதாகவே நின்றது. பையனுக்கு நகரத்துக்குள் ஒரு சுற்று கிடைத்தது.

வீட்டில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. பெயர்கள் அப்படியேதான் இருந்தன. ஆனால் மாமா, அப்பா என்று மொட்டையாகச் சொல்வது நின்றுபோனது. ‘உங்கப்பா’, ‘எங்கப்பா’ என்றுதான் கேட்கும். வண்டிச் சமாச்சாரம் தெரியாமல் வீட்டுக்கு வந்தவர்கள், “உங்கப்பாவை நல்லாத் துடைச்சு வைங்க, எங்கப்பாவை எண்ணெயில போடுங்க” என்பதைக் கேட்டுக் கணவன் மனைவிக்குள் என்ன தகராறோ என்று சீக்கிரமே கிளம்பிப் போனதும் உண்டு.

எனக்கு மாற்றல் வந்து அந்த ஊரைவிட்டு வந்தாயிற்று. போனில் அவ்வப்போது பேசுவோம். அக்கா இப்போதும் அதே லேபில், வெளிச்சுற்றில்தான் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு நரம்பு பிடிக்கப் பழக்குவதும் அவர் பொறுப்பில் இருக்கிறது. அட்டைக்குப் பதில் கடையில் வாங்கிய பேக்கிங்கைப் போட்டுவிட்டார். வண்டியை வீட்டு முன்னறையில்தான் பிரிக்கிறார், வெளியே கொடுப்பதில்லை. மாஸ்டர் தைக்கிறார், பின்சீட்டில் ஏறி உட்கார இன்னும் மனசு வரவில்லை, வராவிட்டாலும் பரவாயில்லை என்கிறார் அக்கா. போன வாரம் பேசியபோது செயினை மாற்றிக்கொண்டிருந்தார். கை எண்ணெயாக இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.